கோரைக்குட்டையில் இருநூற்றுப் பதினான்கு கடி

திருப்பூர்,
கார்த்திகை 13, சனிக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு, மாமனார் அர்த்தநாரி எழுதிக்கொள்வது. அங்கே லூசியானாவில் தாங்களும் கண்ணு தேஜஸ்ரீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சென்னிமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும்; அதுதான் முறை. ஆனால் பெரிய மனுசன் பொய் எழுதக் கூடாது என்பதால் இப்படி எழுதுகிறேன்: உங்கள் அத்தை ரங்காத்தாள் நலம், யூனிட்டில் எல்லோரும் நலம், நான் இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் தாளில் கடுதாசி எழுதுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். என் போன் உடுமலைக்குத் தெற்கே ஒரு குட்டையில், முழங்கால் ஆழச் சேற்றில் கிடக்கிறது. அத்தை போனில் எழுதலாம் என்று பார்த்தேன். என் விரல் இப்போது இருக்கிற பருமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்தில் இருக்கிற மூன்று எழுத்தும் சேர்ந்து விழுகிறது. பேசலாம் என்றால் மேலுதடும் வீங்கிப் போய் 'ப'வும் 'ம'வும் வாயில் வரமாட்டேன் என்கிறது. அந்த இரண்டும் இல்லாமல் 'மாப்பிள்ளை' என்று எப்படிக் கூப்பிடுவது? அதனால் பேனாவை இரண்டு கையாலும் பிடித்து எழுதி முடித்து, நம் சூப்பர்வைசர் இசக்கிமுத்துவை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதாக ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வரியை ஏற்றிய நாளிலிருந்து நம் பனியன் யூனிட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மெஷின் ஓடுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். டெய்லர்கள் நாற்பது பேரும் காலையில் வந்து, ஓடாத மெஷினைத் துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் காலண்டரைப் பார்ப்பேன். ஆறு பேர் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று பெட்டி கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் தெய்வம் மாதிரி கூப்பிட்டு, "மாமா, இங்க பாபின்னு நம்ம சிநேகிதருங்க, வேட்டைச் சாமான் கடை வெச்சிருக்காரு, சதுப்புல இறங்கறவங்களுக்குக் கொசு அண்டாம மருந்து ஏத்துன பனியன் வேணுமாம், வரி போட்டாலும் பரவால்லைன்னுட்டாரு, செய்வீங்களா?" என்று கேட்டீர்கள். செய்வீங்களாவா? அன்றைக்கு நீங்கள் யானைக்கு ஜட்டி தைக்க முடியுமா என்று கேட்டிருந்தாலும் அளவு என்ன என்றுதான் கேட்டிருப்பேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பதினோரு தரம் பார்த்தேன். பாபி இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். பின்னால் ஒரு முதலை கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அவரையே பார்க்கிறது. மரத்தில் பாம்பு தொங்குகிறது. அதையெல்லாம் அந்த மனுசன் சட்டை செய்யவே இல்லை. கன்னத்திலும் கழுத்திலும் கொசுவை அடித்து அடித்து அழாத குறையாகப் பேசுகிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. இந்த ஆளுக்கு நாம் தப்பான துணி அனுப்பக் கூடாது என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம். லேபில் கொடுத்துப் பார்த்தோம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் லேப் கொசு கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது, அதற்கு நல்லது கெட்டது என்ன தெரியும்? பாபியும் அதேதான் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருந்தார். இரண்டு ஆள் சதுப்பில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், கால் மணிக்கு ஒருதரம் கடியை எண்ணிக் கட்டத்தில் எழுத வேண்டும். மேலே பொடி எழுத்தில் ஏழெட்டு வரி இங்கிலீஷ் இருந்தது. அதை இசக்கிமுத்து படித்துக்கொள்ளட்டும் என்று நான் நேரே கட்டத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டம் நிறைந்து பாபிக்குப் போனால் திங்கட்கிழமை ஆர்டருக்குத் துணி வெட்டும் கட்டிங் என்று டெய்லர்களிடம் சொல்லியும் விட்டேன். பெட்டி கட்டிய ஆறு பேரும் பெட்டியை அவிழ்த்தார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம் நானும் இசக்கிமுத்துவும் வண்டியெடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் நம் பங்காளி தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிற கோரைக்குட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். இசக்கிமுத்துவைத் தாங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், அம்பாசமுத்திரத்துக்காரன், பந்தியில் எல்லாரையும் அதட்டி உட்கார வைத்தானே, அவன்தான். பதினாறு வருசமாக ஃபினிஷிங் அவன் பொறுப்பு. இரண்டு பேரும் தொப்பி வைத்த முழுக்கைப் பனியனை மாட்டிக்கொண்டு, சாயப்பட்டறையில் கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸைப் போட்டோம். பனியனில் போட்டிருக்கிற இலை தழை டிசைன் அங்கே லூசியானாவில் ஆளையே மறைத்துவிடுமாம். இங்கே கோரைப்புல்லுக்கு நடுவில் நின்றால் ஒரு மைல் தூரத்துக்குப் பளிச்சென்று தெரிகிறது. தோப்பில் கட்டியிருந்த காங்கேயம் காளை எங்களை ஒருதரம் பார்த்தது, முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே போனதுதான், இன்று காலை வரை திரும்பவில்லை என்று பங்காளி சொல்லியனுப்பினான்.

சரியாக நாலரை மணிக்கு இறங்கினோம். முதல் கால் மணியிலேயே எனக்குப் பத்தொன்பது கடி. கை தோள் முதுகு என்று கொசு துணிக்கு மேலேயே உட்கார்ந்து, நம்ம ஊட்டுச் சோறு என்கிற மாதிரி சாவகாசமாக உறிஞ்சுகிறது. இசக்கிமுத்துவைக் கேட்டேன், "எத்தனைப்பா?" "ஒண்ணுமில்ல மொதலாளி." நான் நம்பவில்லை. அவனைச் சுற்றி வந்து பார்த்தேன், நிஜமாகவே ஒன்றுமில்லை. இரண்டாவது கால் மணியில் எனக்கு முப்பத்தொன்று, அவனுக்குக் காது மடலில் ஒன்று. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது: இவன் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், தோல் கெட்டி, நம் கொங்குக் கொசுவுக்கு அந்த ருசி பிடிக்கவில்லை. துணியில் ஒன்றும் இல்லை, எல்லாம் தோலில்தான் இருக்கிறது என்று படிவத்தின் ஓரத்தில் குறிப்பும் எழுதிவைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "போதும் மொதலாளி, நீங்க கரையேறுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றான். கேலி பண்ணுகிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானாவது ஏறறதாவது, நில்லுடா பேசாம" என்றேன்.

மூன்றாவது கால் மணியில் அட்டை வந்தது. பூட்ஸுக்குள் எப்படிப் போயிற்று என்று அதுதான் சொல்ல வேண்டும். அட்டையைக் கடி என்று எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். கடித்தது கடித்ததுதான், ஒரு அட்டைக்கு ஒரு கடி என்று தீர்மானம் பண்ணி ஏழு போட்டேன். பூட்ஸைக் கழற்றி உதறுவதற்காகக் கரையோரம் ஒற்றைக்காலில் நிற்கிறேன், கோரைக்குள்ளிருந்து நாலடி நீளத்துக்கு ஒன்று தலையைத் தூக்கி நாக்கை நீட்டுகிறது. அமராவதி அணையில் முதலை இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அது இங்கே வர வேண்டுமென்றால் பஸ்தான் ஏற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு தரம் அந்த வீடியோவைப் பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் பஸ் ரூட்டெல்லாம் ஞாபகத்துக்கு வருமா, சொல்லுங்கள். ஐம்பத்தெட்டு வயசில், சர்க்கரை வியாதிக்காரன், ஒற்றைப் பூட்ஸோடு பக்கத்திலிருந்த நாவல் மரத்தில் ஏறிவிட்டேன். போன் மேல் பாக்கெட்டிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. "மொதலாளி, அது உடும்பு" என்று கீழேயிருந்து இசக்கிமுத்து சொன்னது அதற்கப்புறம் கேட்டது.

இறங்கியிருக்கலாம்தான். இறங்குவதற்குள் அந்த மரம் செவ்வெறும்புக்குச் சொந்தம் என்பது தெரிந்துபோயிற்று. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தன, தையல் நம் டெய்லர்கள் லைனில்கூட அவ்வளவு நெருக்கமாக வராது. நான் பிடித்த கிளையே அதன் வாசல். கழுத்து வழியாக உள்ளே இறங்கி, தொப்பிக்குள் புகுந்து, எழுத முடியாத இடத்திலெல்லாம் கடித்தன. சரி குதித்துவிடலாம் என்று காலைத் தொங்கவிடுகிறேன், கீழே உறுமல். காட்டுப்பன்றி, ஒரு தாயும் ஐந்தாறு குட்டியும், நேரே நாவல் மரத்தடிக்கு வந்து மண்ணைக் கிளறுகின்றன. மேலே எறும்பு, கீழே பன்றி, நடுவில் உங்கள் மாமனார். இசக்கிமுத்து தண்ணீருக்குள்ளேயே அசையாமல் நின்றுகொண்டு, பேனாவைக் காதிலிருந்து எடுத்து, "மொதலாளி, நாலாவது கால் மணி ஆயிட்டு. எத்தனன்னு போட?" என்று மெதுவாகக் கேட்டான். எறும்பை எண்ணுவதெப்படி? நியாயத்துக்குக் குறைத்தே அறுபது என்று சொன்னேன். எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பன்றிகள் தலைதெறிக்க ஓடிவிட்டன. ஒரு குட்டி மட்டும் என் இன்னொரு பூட்ஸைக் கவ்விக்கொண்டு போயிற்று. சாயப்பட்டறைக்காரருக்கு நான் ஒரு பூட்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சத்தத்துக்கு இன்னொருவரும் வந்தார். காட்டைக் காக்கிற கார்டு. பன்றி வேட்டைக்கு ஆட்கள் வருவதாகப் புகார் வந்து அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தவர், வேட்டைக்காரன் உடுப்பில் இரண்டு பேர், ஒருவன் மரத்தில் ஒருவன் தண்ணீரில், பார்த்தால் விடுவாரா? டார்ச்சை என் முகத்தில் அடித்து, "எறங்குங்க, துப்பாக்கி எங்கீங்க?" என்றார். அதட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அதட்டுகிறார், நம்ம ஊர் நம்ம ஊர்தான். "துப்பாக்கி இல்லீங்க, கொசுக்கடி எண்ண வந்தமுங்க" என்றேன். இசக்கிமுத்து படிவத்தைக் காட்டினான். கட்டம் கட்டமாகப் படித்துவிட்டு, "ஏனுங்க, இத்தன கடியும் வாங்கி, அதை எழுதியும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் முடிய இன்னும் ஒரு மணி இருக்கிறது என்றதும் அந்த மனுசனுக்கு என்ன தோன்றியதோ, வரப்பில் உட்கார்ந்து எங்களுக்குக் காவலிருந்தார். கடைசியில் கணக்கை மூடியபோது எனக்கு இருநூற்றுப் பதினான்கு, இசக்கிமுத்துவுக்கு மூன்று. காதில் இரண்டு, மூக்கில் ஒன்று. கார்டு தன் கழுத்தை அடித்துக்கொண்டே கேட்டார், "நாங்க வருசம் முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் இதுக்குள்ளதானுங்க கெடக்கறோம், எங்களுக்கு இந்தத் துணி ரெண்டு கெடைக்குமுங்களா?"

மாப்பிள்ளை, முப்பது வருசத் தொழிலில் நான் என் சரக்கை நானே மட்டமாகச் சொன்னது கிடையாது. நேற்று என் வாயாலேயே சொன்னேன், "வேண்டாமுங்க, இது வேலை செய்யாது" என்று. சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கொசுவுக்காக என்று அவர் நினைத்திருப்பார்.

டாக்டர் இரண்டு ஊசி போட்டு, இந்த வயசில் உங்களுக்கு ஏனுங்க இந்த வேலை என்று கேட்டார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அத்தை, "ஐயா ஊட்டுல இல்லீங்களே, பொறவு வாங்க" என்று கதவைச் சாத்தப் போனாள். இரவு முழுக்கச் சொறிந்துகொண்டே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆர்டர் வேண்டாம். பாபியிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். லேப் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுசன் நம் துணியை நம்பி முதலைக்கு முன்னால் போய் நிற்பான். நின்றுகொண்டு, கொசு கடிக்கக் கடிக்க, இது தரணீதரனின் மாமனார் கொடுத்தது என்று நினைப்பான். உங்கள் பேரும் என் பொண்ணு பேரும் அங்கே அப்படிக் கெட வேண்டாம். திங்கட்கிழமை அந்த நாற்பது பேருக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை, பயமாக இருக்கிறது, அவிழ்த்த பெட்டியைத் திரும்பக் கட்டச் சொல்ல வேண்டும். இருந்தாலும் சொல்லிவிடுவேன். மில்லிலிருந்து வந்த துணியைத் திருப்பி அனுப்பவும் சொல்லப்போகிறேன்.

கண்ணு தேஜஸ்ரீயிடம் அப்பன் கொஞ்சம் சதை போட்டிருப்பதாக மட்டும் சொல்லுங்கள். தாங்கள் இருவரும் கொசு இல்லாத வீட்டில் பதினாறும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன். அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும், பாபிக்கு என் மன்னிப்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பின்குறிப்பு, சனிக்கிழமை மதியம்: மாப்பிள்ளை, மேலே எழுதியிருப்பது எதையும் பாபியிடம் சொல்லிவிடாதீர்கள்! சொல்லியிருந்தால் உடனே போய் இல்லையென்று சொல்லுங்கள்!

போட்டோ எடுக்கக் கொடுத்தால் இசக்கிமுத்து போட்டோ எடுக்காமல் உட்கார்ந்து படித்திருக்கிறான். படித்துவிட்டு ஓடிவந்து, "என்ன மொதலாளி எழுதிருக்கிய? நீங்க போட்டது மருந்து ஏத்தாத பீஸ்லா?" என்கிறான். நடந்தது இதுதான். கிளம்பும்போது பாலிபேக்கில் நல்ல பீஸ் இரண்டு எடுத்து வைத்திருந்தான். ஒன்றை அவனைப் போடச் சொன்னேன். இன்னொன்றைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. புதுசாக, டேக் போட்டு, இஸ்திரி கலையாமல் இருக்கிற ஏற்றுமதிச் சரக்கை எந்தத் திருப்பூர்க்காரன் சேற்றில் இறக்குவான்? ரிஜெக்ட் பெட்டியில் கையை விட்டு, தோளில் எண்ணெய்க் கறை பட்ட ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். முப்பது வருசமாக என் ஒடம்பில் ஏறியதெல்லாம் இப்படிக் கழித்துப் போட்ட செகண்ட்ஸ்தான், அதனால் அதை ஒரு விஷயமாக மேலே எழுதக்கூடத் தோன்றவில்லை. அது மருந்துக்குப் போகும் முன்னால் சைஸ் பார்க்கத் தைத்த பீஸ்.

நீ ஏண்டா அப்போதே சொல்லவில்லை என்றேன். படிவத்தில் அந்தப் பொடி எழுத்தில், ஒருத்தர் மருந்து ஏற்றியதும் ஒருத்தர் ஏற்றாததும் போட வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். "ஏத்தாதத நீங்களா எடுத்து மாட்டுனிய. கூலிக்காரன் கடி வாங்கக் கூடாதுன்னு மொதலாளியே வாங்குதாவளேன்னு எனக்கு அழுகையே வந்துட்டு. காலைல லைன் முழுக்கச் சொல்லிட்டேன்" என்கிறான். நான் ஃப்ளோருக்குப் போனால் நாற்பது பேரும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். மாப்பிள்ளை, வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி, "கண்ணுகளா, நான் தியாகமெல்லாம் பண்ணலீங்க, மருந்து ஏத்தாததுன்னு தெரியாம ரிஜெக்ட் பீஸைப் போட்டுட்டேன்" என்று வீங்கிய உதட்டோடு குழறிக் குழறிச் சொன்னேன். செக்கிங் டேபிளில் இருக்கிற வெள்ளையம்மாள், "அது எங்களுக்குத் தெரியாதா மொதலாளி? அந்தக் கறை பீஸைப் பெட்டியில போட்டதே நான்தான். பெட்டியில காணோம்னதும் யாரு மேல ஏறியிருக்கும்னு தெரியாதாக்கும்? நாங்க கை தட்டுனது உங்களுக்கு இல்ல, திங்கக்கிழமைக்கு" என்றாள். அப்புறம் அந்த ஃப்ளோரில் எழுந்த சிரிப்பு நிற்கக் கால் மணி ஆயிற்று. நாலு மாசமாகக் கேட்காத சத்தம். எனக்கும் சிரிப்பு வந்தது, உதடுதான் ஒத்துழைக்கவில்லை.

ஆகவே துணி பிரமாதம். இருநூற்றுப் பதினான்குக்கு மூன்று. அந்த மூன்றும் துணி மூடாத இடம். திங்கட்கிழமை கட்டிங். கார்டுக்கு இரண்டு பீஸ் இன்றைக்கே கொடுத்து அனுப்பிவிட்டேன், நல்ல பீஸ். படிவத்தை மட்டும் பாபிக்குக் காட்டிவிட்டு மற்ற பக்கங்களை அழித்துவிடவும். முக்கியமாக, ரிஜெக்ட் பீஸ் விஷயம் உங்கள் அத்தை காதுக்குப் போகக் கூடாது. அவள் இதைத்தான் முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு அத்தை ரங்காத்தாள் எழுதறனுங்க. இசக்கிமுத்துத் தம்பிக்கு ஜோலி ஜாஸ்தியாப் போச்சுங்க, அதனால கடுதாசியை எங்கிட்டக் கொடுத்து உட்டுருச்சு. போட்டோ எடுத்தது நானுங்க. எடுக்கறப்பவே எல்லாம் படிச்சுட்டனுங்க. அவரைக் கடிச்சது கொசு, ராப்பகலாச் சொறிஞ்சு உடறது நானு. ஆர்டர் வேண்டாம்னு முடிவு பண்ணுனப்ப அவரு அழுதாருங்க, அதை மட்டும் எழுதாம உட்டுட்டாரு. பீரோவுல இருந்த செகண்ட்ஸ் பனியன் இருபத்தேழையும் மெஷின் தொடைக்கறதுக்கு யூனிட்டுக்குக் கொடுத்து உட்டுட்டனுங்க. ஊட்டுல இப்ப அவரு போட்டுக்கறதுக்கு மேல்துணின்னு பாபி பீஸ் ஒண்ணுதான் இருக்குது, டேக் போட்ட நல்ல பீஸு. திங்கக்கிழமை சாமி கும்புட்டுக் கட்டிங் ஆரம்பிக்கறப்ப அதைப் போட்டுட்டுப் போவாரு, இல்லீன்னா வெறும் ஒடம்போட போகட்டுமுங்க.